தடுப்பூசியும் செய்தியும்: கணிப்பொறி வலையமைப்பின் அடிப்படைச் சொற்கள்

புனே நகரின் கிழக்கே, சோலாப்பூர் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள பகுதி ஹடப்சர். முன்னர் வயல்கள் சூழ்ந்திருந்த இவ்விடத்திற்கு இன்று இரண்டு சிறப்புகள் உண்டு. 1966ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சீரம் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியா என்னும் தடுப்பூசித் தயாரிப்பு நிறுவனம் இங்கு அமைந்திருப்பது ஒன்று. உழவர் குடும்பங்கள் தம் நிலங்களை ஒன்றுசேர்த்து உருவாக்கிய மகர்பட்டா நகரில் கணிப்பொறி மென்பொருள் நிறுவனங்கள் பல இயங்கி வருவது மற்றொன்று. மருந்தும் தரவும் ஒரே ஊரில் பிறப்பது தற்செயலே எனினும், இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை 2021ஆம் ஆண்டு நாட்டுக்கு உணர்த்தியது.

அவ்வாண்டு ஜனவரி 12 அன்று, கோவிஷீல்டு தடுப்பூசியின் முதல் தொகுதி ஹடப்சரிலிருந்து குளிரூட்டப்பட்ட சரக்குந்துகளில் புனே விமான நிலையத்தை அடைந்தது. 56.5 இலட்சம் தவணை மருந்து அன்று விமானங்கள் மூலம் சென்னை உள்ளிட்ட 13 ஊர்களுக்கு அனுப்பப்பட்டது. இம்மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியசு வெப்பநிலையில் வைத்திருத்தல் வேண்டும். எந்தக் கிடங்கில் எத்தனை குப்பிகள் உள்ளன, குளிர்ப்பெட்டியின் வெப்பநிலை என்ன, யாருக்கு எந்த நாளில் ஊசி போடப்பட்டது என்னும் செய்திகள் உரிய காலத்தில் உரிய இடத்தைச் சேரவில்லையெனில், மருந்து வீணாகும். அல்லது தேவைப்படாத இடத்தில் தேங்கி நிற்கும். இச்செய்திகளைச் சுமந்து சென்றவை கணிப்பொறி வலையமைப்புகளே. அவற்றின் அடிப்படைச் சொற்களையும் நெறிமுறைகளையும் தடுப்பூசியின் பயணத்தோடு ஒப்பிட்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொதியும் முகவரியும்

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கணிப்பொறிகள் தம்முள் தரவுகளைப் பரிமாறிக்கொள்ளும் வகையில் இணைக்கப்பட்டிருப்பின் அதனை வலையமைப்பு என்கிறோம். ஓர் அலுவலகத்திற்குள் அல்லது ஒரு கட்டடத்திற்குள் அடங்குவது குறும்பரப்பு வலையமைப்பு. ஊர்களையும் மாநிலங்களையும் இணைப்பது அகன்ற பரப்பு வலையமைப்பு. இத்தகைய எண்ணற்ற வலையமைப்புகளை ஒன்றோடொன்று பிணைத்த பெருவலையே இணையம் எனப்படும் இன்டர்நெட்.

பழைய தொலைபேசி முறையில் இருவர் பேசி முடிக்கும்வரை அவர்களுக்கிடையே ஒரு தனி வழி ஒதுக்கப்பட்டிருந்தது. அவர்கள் பேசாமல் இருந்தாலும் அவ்வழியைப் பிறர் பயன்படுத்த இயலாது. கணிப்பொறிகளுக்கு இம்முறை ஏற்றதன்று என்பதை 1960களில் அமெரிக்காவில் பால் பாரனும், பிரிட்டனில் டொனால்டு டேவிசும் தனித்தனியே ஆய்ந்து கண்டனர். நீண்ட செய்தியைச் சிறு சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டின் மேலும் முகவரி எழுதி, எல்லோருக்கும் பொதுவான பாதையில் அனுப்பலாம் என்பது அவர்களது கருத்து. இத்துண்டுக்கு டேவிசு இட்ட பெயரே பாக்கெட். தமிழில் பொதி எனலாம். 1969ஆம் ஆண்டு அக்டோபரில் இயங்கத் தொடங்கிய ஆர்பாநெட் என்னும் அமெரிக்க வலையமைப்பு இம்முறையிலேயே அமைந்தது.

ஹடப்சரிலிருந்து தடுப்பூசி ஒரே பெரும் கொள்கலனில் செல்வதில்லை. பெட்டி பெட்டியாகச் செல்கிறது. ஒவ்வொரு பெட்டியின் மேலும் அனுப்புநர், பெறுநர், தொகுதி எண் ஆகியவை குறிக்கப்படுகின்றன. பொதியின் தலைப்பகுதியிலும் இவ்வாறே அனுப்பும் கணிப்பொறியின் முகவரி, பெறும் கணிப்பொறியின் முகவரி முதலியன இடம்பெறுகின்றன. இம்முகவரியே ஐ.பி. முகவரி. 1981இல் வரையறுக்கப்பட்ட நான்காம் பதிப்பில் இது 32 இரும இலக்கங்களைக் கொண்டது. எனவே ஏறத்தாழ 430 கோடி முகவரிகள் மட்டுமே கிடைக்கும். உலகின் மக்கள் தொகைக்கே இது போதாது. ஆகவே 128 இரும இலக்கங்களைக் கொண்ட ஆறாம் பதிப்பு உருவாக்கப்பட்டது. பழைய முறையிலேயே இருந்துகொண்டு, பல கைபேசிகளும் கணிப்பொறிகளும் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடும் வழக்கத்தில் உள்ளது.

திசைவியின் பணி

சென்னையில் இறங்கிய தடுப்பூசிப் பெட்டி நேராக ஓர் ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்வதில்லை. மாநிலக் கிடங்கு, மண்டலக் கிடங்கு, மாவட்டக் கிடங்கு எனப் படிப்படியாக இறங்கிச் செல்கிறது. ஒவ்வொரு கிடங்கின் பொறுப்பாளரும் பெட்டியின் முகவரியைப் பார்த்து, அடுத்து எங்கே அனுப்புவது என்பதை மட்டும் முடிவு செய்கிறார். முழுப் பாதையையும் அவர் அறிந்திருக்க வேண்டியதில்லை.

வலையமைப்பில் இப்பணியைச் செய்யும் கருவி ரௌட்டர் எனப்படும் திசைவி. வரும் பொதியின் முகவரியைத் தன்னிடமுள்ள வழி அட்டவணையோடு ஒப்பிட்டு, அடுத்த திசைவியிடம் அதை ஒப்படைப்பது இதன் தொழில். ஒரு கம்பி அறுந்தால் மாற்று வழி உள்ள இடத்தில் அதன் வழியே அனுப்பும். வழி தவறிய பொதிகள் முடிவின்றிச் சுற்றிக்கொண்டிருப்பதைத் தவிர்க்க, ஒவ்வொரு பொதியிலும் ஆயுள் எண் ஒன்று இடப்படுகிறது. கடக்கும் ஒவ்வொரு திசைவியும் அதில் ஒன்றைக் குறைக்கும். எண் சுழியானதும் பொதி கைவிடப்படும். குப்பியின் மேல் அச்சிடப்பட்ட காலாவதி நாளை இதற்கு ஒப்பிடலாம். காலாவதியான மருந்து எவ்வளவு தொலைவு பயணம் செய்திருந்தாலும் பயனற்றதே.

நெறிமுறை என்பது உடன்பாடு

வெவ்வேறு நிறுவனங்கள் செய்த கருவிகள் ஒன்றோடொன்று உரையாட வேண்டுமெனில், எப்படித் தொடங்குவது, எப்படி அடையாளம் சொல்வது, பிழை நேர்ந்தால் என்ன செய்வது என்பன பற்றி முன்கூட்டியே உடன்பாடு இருத்தல் வேண்டும். இவ்வுடன்பாடே நெறிமுறை, ஆங்கிலத்தில் புரோட்டோகால் என்பர். நெறிமுறை ஒரு பொருளன்று, கருவியுமன்று; எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒழுங்கு ஆகும். விண்டன் செர்ஃபும் ராபர்ட் கானும் 1974இல் வெளியிட்ட கட்டுரையில் அமைந்த அடிப்படையிலிருந்தே இன்றைய இணைய நெறிமுறைகள் வளர்ந்தன. 1983 ஜனவரி 1 அன்று ஆர்பாநெட் முழுவதும் இந்நெறிமுறைக்கு மாறியது. இது யாருக்கும் உரிமைத் தொகை செலுத்தாமல் எவரும் பின்பற்றத்தக்க பொது உடைமையாக இருந்ததனாலேயே, பிற்பட்டு வந்த நாடுகளும் தம் வலையமைப்புகளை அதனோடு இணைக்க முடிந்தது.

ஐ.பி. நெறிமுறை பொதியை முகவரி நோக்கி அனுப்ப முயலுமேயன்றி, அது போய்ச் சேர்ந்ததா என்பதற்குப் பொறுப்பேற்பதில்லை. அப்பொறுப்பை ஏற்பது டி.சி.பி. என்னும் நெறிமுறை. தரவு அனுப்பும் முன் இரு கணிப்பொறிகளும் மூன்று சிறு செய்திகளால் தம்முள் தொடர்பை உறுதி செய்துகொள்கின்றன. பின்னர் அனுப்பப்படும் தரவுகளுக்கு வரிசை எண் இடப்படுகிறது. பெறுபவர் பெற்றுக்கொண்டமைக்கு ஒப்புகை அனுப்ப வேண்டும். குறித்த நேரத்தில் ஒப்புகை வராவிடில், அனுப்பியவர் அத்தரவு தொலைந்ததாகவே கருதி மீண்டும் அனுப்புவார். வரிசை மாறி வந்தவை சேருமிடத்தில் ஒழுங்குபடுத்தப்படும். கிடங்குப் பொறுப்பாளர் பெட்டிகளை எண்ணிப் பார்த்துக் கையொப்பமிட்ட சீட்டைத் திருப்பி அனுப்புவது போன்றதே இது.

ஒப்புகைக்குக் காத்திராமல் விரைந்து அனுப்பும் யு.டி.பி. என்னும் நெறிமுறையும் உண்டு. நேரடிப் பேச்சு, ஒளிபரப்பு போன்றவற்றில் ஒரு துளி விடுபட்டாலும் குற்றமில்லை, தாமதமே குற்றம். அங்கு இது பயன்படுகிறது. எந்தத் தரவுக்கு எந்த நெறிமுறை என்பது தேவையைப் பொறுத்ததாகும்.

அடுக்குகளும் பெயர்களும்

வலையமைப்பின் வேலைகள் அடுக்கடுக்காகப் பிரிக்கப்பட்டுள்ளன. அடியில் உள்ளது கம்பி, கண்ணாடி இழை, வானொலி அலை ஆகியவற்றின் அடுக்கு. அதன் மேல் முகவரியும் வழியும் காணும் ஐ.பி. அடுக்கு. அதன் மேல் ஒப்புகை பெறும் டி.சி.பி. அடுக்கு. உச்சியில் பயனாளர் காணும் பயன்பாடுகளின் அடுக்கு. 1984இல் பன்னாட்டுத் தர நிறுவனம் வெளியிட்ட மாதிரியில் ஏழு அடுக்குகள் கூறப்பட்டுள்ளன. நடைமுறையில் மேற்கண்ட நான்கே போதுமானவை. ஓர் அடுக்கில் செய்யும் மாற்றம் மற்றதைப் பாதிப்பதில்லை. செம்புக் கம்பியை நீக்கிக் கண்ணாடி இழை இட்டாலும் மேலுள்ள மென்பொருளை மாற்ற வேண்டியதில்லை. மருந்து சரக்குந்தில் வந்தாலும் விமானத்தில் வந்தாலும், ஊசி போடும் செவிலியரின் முறை மாறாததைப் போன்றது இது.

எண்களாலான முகவரிகளை மனிதர் நினைவில் கொள்வது அரிது. எனவே பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தரும் டி.என்.எஸ். என்னும் ஏற்பாட்டை 1983இல் பால் மொக்கபெட்ரிசு வகுத்தார். இதனை இணையத்தின் முகவரிக் கையேடு எனலாம். ‘.இன்’ என முடியும் பெயர்களும், தமிழ் எழுத்திலேயே ‘.இந்தியா’ என முடியும் பெயர்களும் இவ்வேற்பாட்டில் அடங்கும். முகவரி ஒரு கட்டடத்தைக் காட்டுமெனில், அதனுள் எந்த அறை என்பதைக் காட்டுவது போர்ட் எண் எனப்படும் வாயில் எண். இணையப் பக்கங்களைப் பரிமாறும் எச்.டி.டி.பி. நெறிமுறைக்கு 80, அதனையே மறையீடு செய்து காக்கும் முறைக்கு 443, மின்னஞ்சல் பரிமாற்றத்திற்கு 25 என வாயில்கள் வழக்கமாக ஒதுக்கப்பட்டுள்ளன. கேட்பவருக்குத் தரவை வழங்கும் கணிப்பொறியே சர்வர். ஒரு பாதை நொடிக்கு எத்தனை இரும இலக்கங்களைச் சுமக்கும் என்பது அலைவரிசை அகலம்; அனுப்பியது சென்றடைய ஆகும் நேரம் தாமதம். அகலமான சாலையும் நெடுந்தூரமாக இருக்கலாம் என்பதை மனத்திற்கொண்டால் இவ்விரண்டின் வேறுபாடு விளங்கும்.

நம் நாட்டில் வலையமைப்புகள்

இந்தியாவில் இத்துறை கல்வி நிறுவனங்களிலும் அரசு அலுவலகங்களிலும் தொடங்கியது. மின்னணுத் துறையும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டமும் இணைந்து 1986இல் தொடங்கிய எர்நெட், சென்னை உள்ளிட்ட ஐந்து இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களையும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தையும், பம்பாய் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்தையும் இணைத்தது. தேசியத் தகவலியல் மையத்தின் நிக்நெட், 1980களின் பிற்பகுதியில் செயற்கைக்கோள் வழியே மாவட்டத் தலைநகரங்களை எட்டியது. பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேசு சஞ்சார் நிகம் 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. இந்தியர் இருவரிடையே செல்லும் பொதிகள்கூட வெளிநாடு சென்று திரும்பும் நிலையைக் குறைக்க, உள்நாட்டு நிறுவனங்கள் தம்முள் பொதிகளை மாற்றிக்கொள்ளும் இணையச் சந்திப்பு மையம் 2003இல் அமைக்கப்பட்டது. சுமார் இரண்டரை இலட்சம் ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் திட்டத்திற்கு 2011இல் ஒப்புதல் கிட்டியது. பின்னர் அது பாரத்நெட் எனப் பெயர் பெற்றது.

குளிர்ப்பெட்டியிலிருந்து ஒரு செய்தி

2015ஆம் ஆண்டு சுகாதார அமைச்சகம், ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு, ‘இ-வின்’ என்னும் தடுப்பூசி இருப்புக் கண்காணிப்பு முறையைப் பன்னிரண்டு மாநிலங்களில் தொடங்கியது. இதன்படி குளிர்ப்பெட்டிகளில் பொருத்தப்பட்ட, சிம் அட்டை கொண்ட கருவி பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை வெப்பநிலையைப் பதிவு செய்கிறது. மணிக்கு ஒருமுறை மைய சர்வருக்கு அனுப்புகிறது. வெப்பநிலை எல்லை மீறினால் எச்சரிக்கை ஒலி எழுப்பி, பொறுப்பாளருக்குக் குறுஞ்செய்தி செல்லுமாறு செய்கிறது. மருந்தின் வரவு செலவைக் கிடங்குப் பொறுப்பாளர் கைபேசி மூலம் பதிவு செய்கிறார்.

இம்முறையில் கருதத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. பதிவு செய்வதும் அனுப்புவதும் தனித்தனி வேலைகளாக அமைந்துள்ளன. வெப்பநிலையை அளப்பதற்கு அலைவரிசை தேவையில்லை. அனுப்புவதற்கே அது தேவை. வலையமைப்பியலில் சேமித்து அனுப்புதல் என வழங்கும் கொள்கை இதுவே. அஞ்சலகத்தில் அடுத்த வண்டி வரும்வரை கடிதம் காத்திருப்பதைப் போல, பாதை கிடைக்கும்வரை தரவு காத்திருக்கிறது. குறுஞ்செய்தியும் இவ்வாறே தொலைபேசி நிறுவனத்தின் மையமொன்றில் தங்கி, பெறுநரின் கைபேசி தொடர்பில் வந்ததும் சேர்க்கப்படுகிறது.

கோவின் தந்த பாடம்

இ-வின் முறையின் விரிவாக, 2021 ஜனவரி 16 அன்று தடுப்பூசி இயக்கத்தோடு கோவின் தளம் செயற்படத் தொடங்கியது. யாருக்கு, எங்கு, எந்நாளில் ஊசி போடப்பட்டது என்பதை ஒரே பதிவேட்டில் சேர்த்ததும், சான்றிதழை உடனுக்குடன் வழங்கியதும் இதன் அரிய பயன்கள். 2022 ஜூலை 17 அன்று 200 கோடித் தவணைகள் எட்டப்பட்டபோது, அவ்வளவு பெரிய கணக்கைக் காகிதத்தில் வைத்திருப்பது எண்ணிப் பார்க்கவும் இயலாதது.

எனினும் இடர்ப்பாடுகளும் வெளிப்பட்டன. 2021 ஏப்ரல் 28 அன்று மாலை, 18 முதல் 44 வயதினருக்கான பதிவு தொடங்கியதும், ஒரே நாளில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பதிவு செய்தனர். தொடக்க நேரத்தில் தளம் திணறியது. கடவு எண் கொண்ட குறுஞ்செய்திகள் பலருக்குத் தாமதமாயின. இதனை நெரிசல் என்பர். 1986இல் கலிபோர்னியாவில் இரு நிறுவனங்களுக்கிடையே, நொடிக்கு 32,000 இரும இலக்க வேகம் நெரிசலால் 40ஆக வீழ்ந்தது. ஒப்புகை வராத ஒவ்வொரு கணிப்பொறியும் உடனே மீண்டும் மீண்டும் அனுப்பியதே காரணம். பதில் தாமதமாயின் முயற்சியின் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்னும் ஒழுங்கை வான் ஜேக்கப்சன் 1988இல் வகுத்தளித்த பின்னரே இக்குறை நீங்கியது. பக்கம் திறக்கவில்லையெனப் பொத்தானை இடைவிடாது அழுத்துவோர் அறிய வேண்டிய செய்தி இது.

நெரிசலைவிடப் பெரிய குறை வேறொன்று. அவ்வாண்டு மே 1 முதல் அவ்வயதினர் இணையம் வழியே முன்பதிவு செய்தாலன்றி ஊசி பெற இயலாத நிலை இருந்தது. கைபேசி இல்லாதவரும், அலைவரிசை எட்டாத சிற்றூராரும், எழுத்தறியாதவரும் வரிசையின் தொடக்கத்திலேயே விடுபட்டனர். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் மட்டும் இருந்த தளத்தில் தமிழ் முதலிய மொழிகள் இடம்பெற்றதும் அவ்வாண்டின் இடையில்தான். மே 24 அன்று அரசு மையங்களில் நேரில் வந்து பதிவு செய்ய அனுமதி அளிக்கப்பட்டது. மே 31 அன்று உச்ச நீதிமன்றம், எண்ணியல் வாய்ப்பில் உள்ள ஏற்றத்தாழ்வைச் சுட்டி, இணையப் பதிவை மட்டுமே நம்பியிருப்பதன் விளைவுகள் குறித்து அரசிடம் விளக்கம் கேட்டது. ஜூன் 21 முதல் எல்லா மையங்களிலும் நேரடிப் பதிவு வழக்கத்திற்கு வந்தது.

டி.சி.பி. நெறிமுறையின் அடிப்படை இங்கு நினைவிற்கு வர வேண்டும். பாதை எப்போதும் சரியாக இருக்கும் என அது கருதுவதில்லை. பொதி தொலையும் என்றே கருதி, தொலைந்ததைக் கண்டறியவும் மீட்கவும் முன்னேற்பாடு செய்கிறது. அதன் உறுதி, பாதையின் உறுதியால் வந்ததன்று. பாதையின் குறையை ஒப்புக்கொண்டதால் வந்தது. மக்கள் நலத் திட்டங்களை வகுப்போரும் இவ்வாறே, இணைப்பு அறுபடும், கைபேசி இராது, மின்சாரம் நிற்கும் என்பனவற்றை முதலிலேயே கணக்கில் கொண்டால், தொலைந்த பொதியைப் போல மனிதர் தொலைந்து போவதைத் தவிர்க்கலாம். காகிதத்தில் குறித்து வைத்து, இணைப்பு வந்தபின் பதிவேற்றும் செவிலியர் செய்வதும் சேமித்து அனுப்புதலே. அது பிற்போக்கு அன்று. நல்ல வலையமைப்பின் இலக்கணமே ஆகும்.

எங்கே பழுது?

நியாய விலைக் கடையிலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் ‘சர்வர் வேலை செய்யவில்லை’ என்னும் விடை இன்று மக்களுக்குப் பழக்கமான ஒன்று. அடுக்குகளை அறிந்தவருக்கு இவ்விடை போதாது. மின்சாரமும் கம்பியும் சரியாக உள்ளனவா என்பது முதற் கேள்வி. கருவிக்கு ஐ.பி. முகவரி கிடைத்துள்ளதா என்பது இரண்டாவது. வேறு தளங்கள் திறக்கின்றனவா என்பது மூன்றாவது. எண்ணால் அழைத்தால் விடை வந்து, பெயரால் அழைத்தால் வரவில்லையெனில் பழுது டி.என்.எஸ். ஏற்பாட்டில் உள்ளது. ‘பிங்’ என்னும் எளிய கட்டளை, மறுமுனைக்குச் சிறு பொதி ஒன்றை அனுப்பி, அது திரும்பி வர ஆகும் நேரத்தைக் காட்டும். சில சர்வர்கள் இதற்கு விடையளிக்காதவாறு அமைக்கப்பட்டிருக்கும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். வேறு தளங்கள் யாவும் திறந்து, குறிப்பிட்ட ஒன்று மட்டும் திறக்காதபோதுதான், பழுது பெரும்பாலும் சர்வரின் பக்கம் இருக்கும்.

ஊராட்சி அலுவலரும் பொதுச் சேவை மையத்தை நடத்துவோரும் பள்ளி ஆசிரியரும் இவ்வைந்தாறு கேள்விகளைக் கேட்கக் கற்றுக்கொண்டால், பழுதுகளில் பல அங்கேயே தீரும். மற்றவை உரியவரிடம் சரியான சொல்லோடு சென்று சேரும். மேல்நிலைப் பள்ளிக் கணிப்பொறிப் பாடத்தில் இச்சொற்களின் பொருளை மனப்பாடம் செய்விப்பதைவிட, பள்ளியிலுள்ள இணைப்பையே எடுத்துக்கொண்டு ஒவ்வோர் அடுக்காகச் சோதிக்கப் பழக்குவது பயன் தரும். குழந்தைகளுக்கான வழக்கமான தடுப்பூசிகளைப் பதியும் யு-வின் முறை 2023இல் முன்னோட்டமாகத் தொடங்கப்பட்டது. அப்பதிவேட்டில் ஒரு சிற்றூர்க் குழந்தையின் பெயர் விடுபடாமல் இருப்பது, கண்ணாடி இழையின் நீளத்தை மட்டும் பொறுத்ததன்று. அக்கடைசி முனையில் நிற்பவர், ஒப்புகை வந்ததா என்று கேட்கத் தெரிந்தவராக இருப்பதையும் பொறுத்ததாகும்.